கை வைத்துப் பார்த்தேன், காற்று வந்தது

உங்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் என்னிடம் ஒரு தாளைத் தந்துவிட்டுப் போனார். அதில் வரிசையாக ஆறு சொற்கள்: யு-வேல்யூ, தெர்மல் மாஸ், தெர்மல் பிரிட்ஜ், ஏர் டைட்னஸ், வென்டிலேஷன், கமிஷனிங். "ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம் எழுதிக் குடுங்க மேடம். புதுசா வந்திருக்கிற பிள்ளைகளுக்குப் பிரயோஜனமா இருக்கும்" என்றார். விளக்கம் எல்லாம் உங்கள் போனிலேயே கிடைக்கும். அதற்கு ஓய்வு பெற்ற பொம்பளை ஒருத்தி பசுமலையில் உட்கார்ந்து கை வலிக்க எழுத வேண்டியதில்லை.

இருந்தாலும் கேட்டுவிட்டார். முதல் மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். சுவரும் கூரையும் வெளிச்சூட்டை எவ்வளவு சீக்கிரம் உள்ளே விடுகின்றன என்பதைச் சொல்வது யு-வேல்யூ. எண் சின்னதாக இருந்தால் நல்லது. கனத்த கட்டுமானம் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக வெளியே விடுவது தெர்மல் மாஸ்; சித்திரையில் மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் படுத்துப் புரண்டவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம். சுவர் முழுக்கச் சூடு தடுக்கும் இன்சுலேஷன் கொடுத்துவிட்டு, ஒரு கான்கிரீட் பீமை மட்டும் மொட்டையாக வெளியே நீட்டிவிட்டால் சூடு அந்த வழியாக உள்ளே வந்துவிடும். அது தெர்மல் பிரிட்ஜ். இந்த மூன்றில் தப்பு நடந்தால் கரண்ட் பில் கூடும், வீட்டுக்காரர் நம்மைத் திட்டுவார். மற்ற மூன்றில் தப்பு நடந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு வீட்டை வைத்துத்தான் சொல்ல முடியும்.

வீடு கட்டும் இன்ஜினியராக இந்தத் தொழிலில் முப்பத்தோரு வருஷம் இருந்தேன். அதில் முக்கால்வாசிக் காலம் என் பேச்சை யாரும் கேட்கவில்லை என்பதுதான் அப்போதெல்லாம் என் புலம்பல். "மேடம் சொன்னா சரின்னு தலையாட்டிட்டு நம்ம பாட்டுக்கு வேலையப் பாருங்கப்பா" என்று கொத்தனார் தன் ஆட்களிடம் சொன்னதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு நாள், ஒரு வீடு நிறைய ஆட்கள் நான் சொன்னதைச் சொன்னபடி கேட்டார்கள். அந்த நாளைத்தான் சொல்லப் போகிறேன்.

வீடு சமயநல்லூரைத் தாண்டி, வயல்வெளியில். கட்டியவர் தவமணி அண்ணன். ஊரில் விதைக்கடை வைத்திருந்தார், பரம்பரையாக விவசாயக் குடும்பம். ஒரு வேப்பமரத்தைத் தவிர நிழலே இல்லாத இடம்.

"வெயில்ல நின்னு நின்னு தோலே தடிச்சுப்போச்சு மேடம். இனிமேலாவது குளுகுளுன்னு படுக்கணும். ஆனா கரண்டு பில்லப் பாத்து எனக்குக் காய்ச்சல் வந்துரக் கூடாது" என்றார் முதல் நாளே.

இப்படி ஒரு ஆளுக்காகத்தான் நான் காத்திருந்தேன். கூரைக்கு இன்சுலேஷன் போட்டு மேலே வெள்ளை ஓடு பதித்தோம். மேற்குச் சுவரை இரட்டையாக எழுப்பினோம். கதவு ஜன்னல் எல்லாவற்றுக்கும் ரப்பர் பட்டை. மூடினால் ஒரு எறும்பு மூச்சுக்கூட உள்ளே வராது. தாளில் இருக்கும் ஏர் டைட்னஸ் அதுதான். குளிர்ந்த காற்று வெளியே கசியாது, சூடான காற்று உள்ளே நுழையாது, ஏசிக்குப் பாதி வேலை மிச்சம்.

வீட்டை அப்படி மூடினால் உள்ளே இருப்பவர்களுக்கு நல்ல காற்று வேண்டுமே. அதற்கு ஒரு மெஷின். வீட்டின் பின்சுவரில் அதற்கு இரண்டு வாய் வைத்தோம். ஒன்று புதுக்காற்றை உள்ளே இழுக்கும், இன்னொன்று பழைய காற்றை வெளியே தள்ளும். உள்ளே அறைக்கு அறை கூரையில் ஒரு துவாரம். இதுதான் வென்டிலேஷன். மெஷின் ஓடும்வரை ஜன்னலைத் திறக்கத் தேவையில்லை. "மெஷின் ஓடும்வரை" என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் ஒரு வீடு வேலை முடிகிற அன்று முடிவதில்லை, முகூர்த்தத்தன்று முடிகிறது. தவமணி அண்ணன் வைகாசியில் நாள் குறித்து, பத்திரிகை அடித்து, சொந்தபந்தத்துக்கெல்லாம் கொடுத்த பிறகுதான் எனக்கு ஜன்னல்களே வந்து சேர்ந்தன. கடைசி வாரம் எல்லோரும் எல்லோர் தலையிலும் ஏறி வேலை பார்த்தார்கள். ஆறாவது சொல்லான கமிஷனிங் அங்கேதான் காணாமல் போனது. மாட்டிய சாமான் ஓடுகிறதா என்று பார்ப்பது மட்டும் கமிஷனிங் ஆகாது. எதற்காக மாட்டினோமோ அது நடக்கிறதா என்று கருவி வைத்து அளந்து பார்ப்பதுதான் கமிஷனிங். அளக்கிற ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டும். வருவதாகச் சொன்ன அன்று காலையில் போன் வந்தது, இன்னும் மூன்று நாள் ஆகும் என்று. அப்போது முகூர்த்தத்துக்கு ஒரே நாள்தான் பாக்கி.

"அண்ணே, ரெண்டு நாள் தள்ளி வைக்க முடியாதா?" என்று கேட்டேன்.

"என்ன மேடம் வெளையாடுறீங்களா? சமையலுக்குச் சொல்லியாச்சு, பந்தல் போட்டாச்சு. மகளும் பேத்தியும் வந்து இறங்கியாச்சு. மெஷின்தான் ஓடுதுல்ல, பெறகென்ன?"

மெஷின் ஓடியது. உறுமலும் கேட்டது. ஹாலில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, கூரைத் துவாரத்துக்கு நேரே கை வைத்துப் பார்த்தேன், காற்று வந்தது. ஏசியும் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. வந்தது வெளிக்காற்றா, ஏசி சுழற்றிவிட்ட காற்றா என்று யோசிக்க எனக்குப் பொறுமையில்லை. ஒப்படைப்புத் தாளில் "வெளிக்காற்று சரிபார்க்கப்பட்டது" என்ற வரிக்கு எதிரே டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு மறுநாள்தான் தெரிந்ததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்சுவருக்குக் கடைசிக் கோட்டிங் அடித்த பெயின்டர், மெஷினின் இரண்டு வாய்க்குள்ளும் பெயின்ட் தெறித்துவிடக் கூடாதென்று பாலிதீன் தாள் வைத்து டேப் ஒட்டியிருந்தார். அது நல்ல வேலைக்காரன் செய்கிற காரியம். பெயின்ட் காய்ந்ததும் பிரித்திருப்பார், அதற்குள் அவரைப் பந்தலுக்கு வாழைமரம் கட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். பெயின்டும் வெள்ளை, டேப்பும் வெள்ளை. பின்பக்கம் போய் அண்ணாந்து பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நான் போகவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு ஹாலின் நடுவில் செங்கல் அடுக்கி ஹோமம் தொடங்கியது. உள்ளே முப்பது பேருக்குக் குறையாது. வெளியே அந்நேரத்துக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. உள்ளே வந்தவர்கள் எல்லோரும் வாசற்படி தாண்டியதும் "அடேயப்பா" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தவமணி அண்ணன் பட்டு வேட்டியோடு கதவுக்குக் காவல் நின்றார்.

"யாரப்பா அது, கதவச் சாத்துங்க, குளுமை போயிரும். ஜன்னலு கதவு எதையும் தெறக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க. காத்த மெஷினே கொண்டாந்துரும்!"

நான்தான் அப்படிச் சொல்லி வைத்திருந்தேன். காரணம் ஒரு விருந்தாளி. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஒருவரை நானே கூப்பிட்டு வந்திருந்தேன். அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் சேர்த்து அவர் மூன்று வீடு கட்டுவதாக இருந்தார். இந்த வீட்டைப் பார்த்து அவர் சரியென்று சொல்லிவிட்டால், இந்தப் பக்கம் முழுக்க இதே மாதிரி வீடுகள் வரும் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். அவர் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு, "ஊட்டிக்கு வந்த மாதிரில்ல இருக்கு மேடம்" என்றார். அந்த வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். ஹோமம் என்றால் கண் எரியத்தான் செய்யும், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு நெற்றியில் விண்விண் என்று தெறித்தது. காலையில் காபி குடிக்கவில்லை, அதுதான் என்று நினைத்தேன். பிறகு ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டார். ஒரு வரி சொன்னவர் அதையே திரும்பச் சொன்னார், நிறுத்தினார், நெற்றியைத் துடைத்தார், தண்ணீர் கேட்டார். அந்த மனுஷன் நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்தே நரைத்தவர். புகை அவரை என்ன செய்யும்? அப்போதுதான் எனக்கு மெஷின் ஞாபகம் வந்தது.

அண்ணாந்து கூரைத் துவாரத்தைப் பார்த்தேன். காற்று வந்தால் அந்த இடத்தில் புகை கலைய வேண்டும். கலையவில்லை. துவாரத்தைச் சுற்றிப் புகை அப்படியே படிந்து நின்றது. மெஷின் உறுமிக்கொண்டுதான் இருந்தது.

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். எனக்குப் பக்கத்திலேயே ஜன்னல். எழுந்து கை நீட்டினால் கொக்கி. நான் எழவில்லை. பாதி ஹோமத்தில் எழுந்து ஜன்னலைத் திறந்தால் அபசகுனம் என்று சொல்வார்களோ என்று நினைத்தேன். காலையிலிருந்து திறக்காதே என்று சொன்னவளே திறந்தால் சிரிப்பார்களே என்று நினைத்தேன். சோழவந்தான்காரரைப் பார்த்தேன், அவர் ஆர்வமாகச் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் பூர்ணாஹுதி ஆகிவிடும், முடிந்ததும் கதவு தானாகத் திறக்கும், பிறகு சத்தமில்லாமல் பின்பக்கம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். ஒரு மந்திரம் முடிந்தது. இன்னொன்று தொடங்கி அதுவும் முடிந்தது. நான் அசையவில்லை.

தவமணி அண்ணனின் மகள் சங்கீதா ஹாலை ஒட்டிய அறையில், வாசலருகே, மூன்று மாதக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஹோமத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் மெதுவாகத் தன் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"ஏம்மா, பாப்பா பாலு குடிக்க மாட்டேங்கிறா. எழுப்பி எழுப்பிப் பாக்குறேன், கண்ணே முழிக்கல."

"குளுமைக்கு நல்லாத் தூங்குறா, விடுடி."

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. கொக்கியைத் தள்ளினேன். "எல்லாக் கதவையும் தெறங்க! பிள்ளைய வெளிய கொண்டு போங்க! எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தினேன். தவமணி அண்ணன் திகைத்துப்போய், "மேடம், பூர்ணாஹுதி ஆகல மேடம்" என்றார். "அண்ணே, கதவத் தெறங்கண்ணே!" என்று நான் கத்திய கத்தலில் அவர் கதவை விட்டு விலகினார். சங்கீதா குழந்தையோடு வேப்பமரத்தடிக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

குழந்தையின் தலை அவள் கையில் தொய்ந்து கிடந்தது. உள்ளங்காலைத் தேய்த்தோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். வயல் பக்கமிருந்து காற்று வீசியது, வெறும் வெக்கைக் காற்று. அந்த வெக்கை அதன் மூக்குக்குள் போக வேண்டும் என்று எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டேன். நான் ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பை நாசூக்காக எழுத எனக்கு வேறு வார்த்தை இல்லை. பிறகு குழந்தை முகத்தைச் சுளித்தது. சிணுங்கியது. அடுத்து வீறிட்டு அழுதது. மரத்தடியில் நின்றவர்கள் சிலர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். காரை எடுக்கச் சொல்லி சங்கீதாவையும் குழந்தையையும் மதுரைக்கு அனுப்பினோம்.

ஐயர் படியில் உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். போய் அவர் முன்னால் நின்றேன். "மன்னிச்சிருங்க சாமி, ஹோமத்தைக் கெடுத்துட்டேன்" என்றேன்.

"ஜன்னலைத் திறக்கப்படாதுன்னு எந்த சாஸ்திரத்துலம்மா இருக்கு?" என்றார். "நானே அரை மணியாத் திறக்கச் சொல்லணும்னு பார்த்திண்டிருந்தேன். இன்ஜினியர் அம்மா வேண்டாம்னு சொல்லியிருக்கான்னு சொன்னா. படிச்சவா சொல்றா, நமக்கென்ன தெரியும்னு விட்டுட்டேன்."

சோழவந்தான்காரரும் அங்கேதான் நின்றார். "எனக்கும் மூச்சு முட்டுச்சுங்க. வெத்தலையக் கட்டுற கூடையிலயே காத்துப் போக எடம் விட்டுத்தான் கட்டுவோம். ஆனா நீங்க சொல்லும்போது நான் எப்படி..." என்று இழுத்தார். அதற்குப் பிறகு அவர் எனக்குப் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

முப்பது பேர் இருந்தோம். முப்பது பேருக்கும் மூக்கு இருந்தது, தலைவலி இருந்தது, கைக்கெட்டும் தூரத்தில் ஜன்னல் இருந்தது. ஒருவரும் திறக்கவில்லை, நான் சொல்லிவிட்டேன் என்பதால். என் பேச்சை யாரும் கேட்கவில்லை என்று அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் புலம்பியதில்லை. பின்பக்கம் போய் ஏணி வைத்து ஏறி அந்த டேப்பை நானே பிரித்தேன். பெயின்டர் கீழே நின்று, "மறந்துட்டேன் மேடம், என் தப்புதான்" என்று அழுதார். தாளில் இருப்பது என் கையெழுத்து, அவர் எதற்கு அழ வேண்டும்?

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். புகையில் இருக்கும் விஷவாயு ரத்தத்தில் ஏறியிருக்கிறது, ஆக்சிஜன் கொடுக்கிறோம், பயமில்லை என்றார் டாக்டர். "அம்புட்டுப் புகையில ஜன்னல் ஒண்ணுகூடவா இல்ல?" என்று கேட்டார். "பதினோரு ஜன்னல் இருக்கு டாக்டர்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

சங்கீதா குழந்தையின் கட்டிலருகே இருந்தாள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவள் கேட்டது வேறு.

"மேடம், நீங்க மேல அந்த ஓட்டையப் பாத்தீங்க. பெறகு ஜன்னலப் பாத்தீங்க. பெறகு அந்தச் சோழவந்தான்காரரப் பாத்தீங்க. நான் உங்களையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். என்னத்த மேடம் அம்புட்டு நேரம் யோசிச்சீங்க?"

அவளிடம் நான் என்ன சொல்ல? உன் பிள்ளை மூச்சுவிட முடியாமல் கிடந்தபோது எனக்கு என் பெயர் கெட்டுவிடுமே என்று கவலையாக இருந்தது என்றா?

நான் ஓய்வு பெறும்வரை கைப்பையில் ஒரு டிஷ்யூ பேப்பர் பொட்டலம் இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் ஏசியை நிறுத்திவிட்டு, துவாரத்துக்கு நேரே ஒரு தாளைப் பிடிப்பேன். தாள் அசைய வேண்டும். அசைந்த பிறகு பின்பக்கம் போய் அண்ணாந்து பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் அளக்கிற ஆள், அதற்குப் பிறகுதான் கையெழுத்து. முகூர்த்தத்துக்காக மூன்று தடவை சண்டை வந்தது, இரண்டு வேலை கைவிட்டுப் போனது. நெருப்பு மூட்டுவதென்றால் எல்லா ஜன்னலும் திறந்திருக்க வேண்டும், மெஷின் என்ன ஓடினாலும் சரி. இதை ஒப்படைப்புத் தாளில் முதல் வரியாகவே எழுதிவிடுவேன். நீங்களும் எழுதுங்கள். முக்கியமாக, நீங்கள் சொன்னது தப்பாகப் போகிறது என்று தோன்றினால், அந்த வீட்டிலேயே முதலில் எழுந்திருக்கும் ஆள் நீங்களாக இருங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும்வரை மற்றவர்களும் உட்கார்ந்தேதான் இருப்பார்கள்.

அளக்கிற ஆள் சொன்னபடி மூன்றாம் நாள் வந்தார். அவரோடு சமயநல்லூருக்குப் போனேன். அறை அறையாக அளந்தோம். நல்ல காற்று, கணக்குப் போட்டதைவிடக் கொஞ்சம் கூடவே வந்தது. ஹாலில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சங்கீதா நான் அன்றைக்கு உட்கார்ந்திருந்த ஜன்னலை விரியத் திறந்துவைத்து, அதனடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். வைகாசி வெயில் அந்த வழியாக நேராக உள்ளே விழுந்தது.

"மெஷின் இப்ப சரியா ஓடுதும்மா. அளந்து பாத்துட்டோம், நம்பிச் சாத்தலாம்" என்றார் அளக்க வந்தவர்.

"இருக்கட்டுங்க" என்றாள் சங்கீதா, என்னைப் பார்த்து.

எத்தனையோ வருஷமாக ஏசி ஓடும்போது ஜன்னலைத் திறப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு அவளிடம் சாத்தச் சொல்லவில்லை. திறந்த ஜன்னல் காற்றில் ஆடிச் சாத்திக்கொள்ளாமல் இருக்க, அதன் கொக்கியை நானே மாட்டிவிட்டு வந்தேன்.